கல்வியாண்டின் முதல் சுற்றறிக்கை: கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளிக் குடும்பங்களுக்கு எதை முதலில் சொல்வது?

நீலப்பை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பிள்ளைகள் படிக்கும் கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் கல்வியாண்டுத் தொடக்கத்தில் குடும்பங்களுக்கு அனுப்பப்படும் சுற்றறிக்கையின் வரைவைத் தயாரிக்கும் பொறுப்பு இந்த முறை பெற்றோர் குழுவிடம் வந்து, குழுவிலிருந்து என் கைக்கு வந்துவிட்டது. சென்ற ஆண்டின் அறிக்கை 11 பக்கம். முதல் இரண்டு பக்கங்களில் வாழ்த்துரையும் பள்ளியின் பாதுகாவலரான புனிதரின் வரலாறும் இருந்தன. சிறு வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச்செல்லும் வாயில் மாறியிருக்கிறது என்ற செய்தி ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாக இருந்தது. முதல் நாள் பிற்பகல் பழைய வாயிலில் முப்பது பேருக்குக் குறையாமல் காத்து நின்றோம். மறுபுறத்து வாயிலில் எங்கள் பிள்ளைகள் அழுதுகொண்டு நின்றார்கள். அறிக்கையை நானும் வாசித்திருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், நான்காம் பக்கம் வரை.

ஆகவே இந்த ஆண்டு நடைமுறைச் செய்திகளை மட்டும் முன்னால் வைத்து, திருப்பலி வழிபாடு, மறைக்கல்வி என்னும் சமயப்பாடம், பிள்ளைகள் முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மைக்கான தயாரிப்பு ஆகியவற்றையெல்லாம் பின்னிணைப்பாகத் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறேன். குழுவில் பாதிப் பேர் ஏற்கிறார்கள். மீதிப் பேர், அப்படியானால் இதைக் கத்தோலிக்கப் பள்ளியின் அறிக்கை என்று ஏன் அழைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பிற பள்ளிகளில் எப்படிச் செய்கிறீர்கள்?

பழையமணி

தொடக்கப்பள்ளியில் ஆசிரியராகவும் பின்னர் தலைமையாசிரியராகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கோபம் நியாயமானது; ஆனால் நீங்கள் காணும் தீர்வில் ஒரு பிழை இருக்கிறது. நம்பிக்கை சார்ந்த செய்தி ஒரு வகை, நடைமுறைச் செய்தி இன்னொரு வகை என்று பிரித்த பிறகுதான் எது முன், எது பின் என்ற கேள்வியே எழுகிறது. தொடக்கத் திருப்பலி எந்த நாள், எத்தனை மணிக்கு, பள்ளி மண்டபத்திலா ஆலயத்திலா, பெற்றோர் வரலாமா, சிறு வகுப்புகளை ஆலயத்திற்கு அழைத்துச்செல்வது யார் என்பதெல்லாம் வாயில் மாற்றத்தைப் போலவே நடைமுறைச் செய்திகள்தாம். அவற்றைப் பின்னிணைப்பில் வைத்தால், அடுத்த ஆண்டு ஆலயத்தின் வாசலில் முப்பது பேர் காத்து நிற்பார்கள்.

நான் பின்பற்றிய வழி இது. முதற்பக்கத்தில், பெற்றோர் முதல் இரண்டு வாரங்களில் என்னென்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் நாள்வாரியாக இருக்கும். வகுப்பறைத் தேதியும் ஆலயத் தேதியும் ஒரே வரிசையில் வரும். ஏன், எப்படி என்ற விளக்கங்கள் அதற்குப் பின்னால். பெரும்பாலானவர்கள் அறிக்கையைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியோ அடுப்படியிலோ சில நிமிடங்களில் வாசிக்கிறார்கள் என்பதை மறந்து எழுதியவர்களில் நானும் ஒருவன். மறக்காமல் எழுதக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இன்னொன்று. இந்த அறிக்கை பள்ளி பெற்றோருக்கு இடும் ஆணை அன்று. 1983-ல் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 796-ஆம் எண் சட்டம், பெற்றோர் ஆசிரியர்களோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும் என்று சொல்வதோடு நிற்கவில்லை. ஆசிரியர்களும் பெற்றோரோடு இணைந்து பணியாற்றி, அவர்கள் சொல்வதை விருப்பத்தோடு கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களும் கூட்டங்களும் ஏற்படுத்தப்பட்டு மதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே பதில் சொல்வதற்கு ஓர் இடமும் ஒரு பெயரும் இல்லாத அறிக்கை அரைகுறையானது.

வேறுவழிபாடு

நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். வீட்டுக்கு அருகில் இருப்பதாலும், ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதாலும் மகளை ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் சேர்த்தோம். அந்த முடிவில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் முதல் ஆண்டு அறிக்கையில் "மாணவர்கள் அனைவரும் தொடக்கத் திருப்பலியில் பங்கேற்பர்" என்று ஒரு வரி மட்டுமே இருந்தது. திருப்பலி என்றால் என்ன, அது எவ்வளவு நேரம் நடக்கும், எங்கள் பிள்ளை அங்கே என்ன செய்வாள் என்று எதுவும் இல்லை. எல்லாரும் வரிசையில் எழுந்து சென்றபோது அவளும் எழுந்து சென்றாள். முன்னால் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ கொடுத்த அருள்பணியாளர், இவள் கத்தோலிக்கப் பிள்ளை அல்ல என்று ஆசிரியை சொன்னதால், தலையில் கை வைத்து ஆசி மட்டும் கூறி அனுப்பினார். அவர் அன்பாகத்தான் செய்தார். அவளோ, தான் ஏதோ தவறு செய்துவிட்டதால் தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்று அன்றிரவு வெகுநேரம் அழுதாள். என்ன பதில் சொல்வது என்று எங்களுக்கும் தெரியவில்லை.

அதைப் பின்னிணைப்பில் வைத்தாலும் முன்னால் வைத்தாலும் எனக்கு ஒன்றுதான். ஒரு பத்தி, எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும் சொற்களில், இருந்தால் போதும்.

மறைக்கல்விமேசை

சகோதரி, உங்கள் மகளின் அழுகைக்கு நாங்கள்தான் பொறுப்பு. அவள் எந்தத் தவறும் செய்யவில்லை. மறைக்கல்வி ஆசிரியர்களாகிய நாங்கள் "எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று எழுதாமல் விடுகிறவற்றின் பட்டியல் மிக நீளமானது.

பல பள்ளிகளில் கல்வியாண்டின் முதல் திருப்பலி தூய ஆவியாரின் துணையை வேண்டி ஒப்புக்கொடுக்கப்படுகிறது. இயேசு சபையினர் 1548-ல் சிசிலித் தீவின் மெசினாவில் தொடங்கிய பள்ளியோடு இந்த வழக்கத்தை இணைத்துச் சொல்வார்கள். அன்று அருள்பணியாளர் சிவப்பு உடை அணிவார். அது தூய ஆவியாரின் நெருப்பைக் குறிக்கும் நிறம். இதை அறிக்கையில் எழுதினால், சிவப்பு உடையைக் காணும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் விளக்கம் சொல்ல ஒருவர் இருப்பார்.

அன்று வரிசையில் கொடுக்கப்பட்ட நற்கருணையை, அதாவது அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தைப் பொறுத்தவரை ஒளிவுமறைவின்றி எழுதிவிடுவதே நல்லது. அது கத்தோலிக்கருக்குரிய அருளடையாளம், அதாவது திருச்சபையின் புனிதச் சடங்கு. கத்தோலிக்கப் பிள்ளைகளிலும் புதுநன்மை பெறாதவர்கள் அதை வாங்குவதில்லை. அப்படியானால் முதல் வகுப்பில் ஏறக்குறைய யாருமே வாங்கப்போவதில்லை! இந்த ஒரு வாக்கியத்தை உங்கள் மகளிடம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவள் தன்னைத் தனித்து நிறுத்தப்பட்டவளாக எண்ணியிருக்கமாட்டாள். வாங்காத பிள்ளைகள் தங்கள் இடத்திலேயே அமர்ந்திருக்கலாம். பல இடங்களில், கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு வந்தால் ஆசி வழங்கப்படும். உங்கள் பங்கில், அதாவது உங்கள் பகுதி ஆலயச் சமூகத்தில், எது வழக்கம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டு, அதை மட்டும் எழுதுங்கள். இரண்டையும் எழுதிக் குழப்ப வேண்டாம். மற்றவர்கள் எழும்போது எழுவதும் அமரும்போது அமர்வதும் மரியாதைக்காக. சிலுவை அடையாளம் இடுவதும் மன்றாட்டுகளுக்குப் பதில் சொல்வதும் அவரவர் மனத்தைப் பொறுத்தவை.

இப்படி எழுதுவது நம் அடையாளத்தை நீர்த்துப்போகச் செய்யும் என்று அஞ்சுவோர்க்காக ஒரு சொல்: உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி வெளியிட்ட அறிக்கையில், கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் பயிலும் கத்தோலிக்கப் பள்ளிகளைத் திருச்சபை மிகவும் போற்றுகிறது என்றே கூறப்பட்டுள்ளது. அந்தக் குடும்பங்களுக்குப் புரியும்படி எழுதுவது நாம் அவர்களுக்குக் காட்டும் சலுகை அன்று.

இருவர்தந்தை

புதுநன்மை பற்றிப் பேச்சு வந்ததால் என் குறையையும் வைக்கிறேன். மூத்தவன் படித்த பள்ளியில் புதுநன்மைத் தயாரிப்பு பற்றிய முதல் செய்தியே கல்வியாண்டின் பாதியில்தான் வந்தது. அவன் வேறொரு பங்கில், வேறொரு ஊரில் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவன். சான்றிதழ் தொலைந்திருந்தது. அந்தப் பங்கிற்குக் கடிதம் எழுதி, பதிவேட்டிலிருந்து புதிய படி எடுத்துப் பெறுவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் பெற்றோருக்கான முதல் கூட்டமும் முடிந்துவிட்டது. பள்ளியில் கேட்டால் பங்கில் கேளுங்கள் என்றார்கள், பங்கில் கேட்டால் பள்ளி சொல்லவில்லையா என்றார்கள். இளையவள் இப்போது இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள். இந்த முறை நானே முதல் நாளில் கையில் சான்றிதழோடு நிற்கப்போகிறேன். ஆனால் எல்லாரும் முதலில் ஒருமுறை அடிபட்டுத்தான் கற்க வேண்டுமா?

மறைக்கல்விமேசை

இருவர்தந்தை அவர்களுக்கு: தேவையில்லை. இது முதல் அறிக்கையிலேயே, அதுவும் முதற்பக்கத்திலேயே இருக்க வேண்டிய செய்தி, ஏனெனில் பெற்றோர் முன்கூட்டித் தொடங்கினால்தான் முடியும் வேலை இது ஒன்றுதான்.

எழுத வேண்டியவற்றில் முதலாவது, பதிவு செய்ய வேண்டிய இடம் பள்ளியா பங்கா என்பது. பள்ளியில் மறைக்கல்வி வகுப்பு நடந்தாலும், அருளடையாளத்திற்கான பதிவு குடும்பத்தின் சொந்தப் பங்கில்தான் என்று வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அடுத்து, திருமுழுக்குச் சான்றிதழ். திருமுழுக்கு எங்கே நடந்ததோ அந்தப் பங்கின் பதிவேட்டில்தான் மூலப்பதிவு இருக்கும் என்பதால், குடும்பம் எங்கே குடிபெயர்ந்திருந்தாலும் அங்கேதான் கேட்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். மூன்றாவதாக, ஒப்புரவு அருளடையாளம், அதாவது பாவ அறிக்கை முதலில், அதன் பிறகே நற்கருணை என்ற வரிசை. பழையமணி குறிப்பிட்ட திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 914-ஆம் எண் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிள்ளையைத் தயாரிக்கும் கடமை முதன்மையாகப் பெற்றோருக்குரியது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பள்ளியிடம் விட்டுவிட்டோம் என்று இருந்துவிட முடியாது.

வயதைப் பற்றி ஆண்டுதோறும் கேட்கப்படுவதால் இதையும் சேர்க்கலாம். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் காலத்தில், 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளியான ஆணைதான் புதுநன்மைக்கான வயதை ஏறத்தாழ ஏழு என்று மீண்டும் நிலைநிறுத்தியது. அதற்கு முன் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயது வரையும் அதற்கு மேலும் காத்திருந்தார்கள். "என் பாட்டி பன்னிரண்டில்தானே வாங்கினார்" என்று சொல்லும் குடும்பங்களின் நினைவு தவறாக இருக்க வேண்டியதில்லை. பழைய வழக்கம் சில இடங்களில் மெதுவாகவே மறைந்தது.

ஒரு நுணுக்கம்: கிழக்கத்திய மரபைப் பின்பற்றும் கீழைத் திருச்சபை வழிபாட்டு முறையில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்குப் பெரும்பாலும், திருமுழுக்கை உறுதிப்படுத்தும் அருளடையாளமான உறுதிபூசுதலும் அதே நாளில் வழங்கப்பட்டிருக்கும். அந்த அருளடையாளத்தை இரண்டாம் முறை வழங்குவதில்லை. எனவே சேர்க்கைப் படிவத்தில் இதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும்.

அலுவலகச்சாளரம்

பள்ளி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். இங்கே சொல்லப்பட்ட குறைகளில் பாதி எங்கள் சாளரத்தின் முன்தான் வெடிக்கின்றன என்பதால் சில சொற்கள்.

"மேற்கண்ட அனைத்தையும் வாசித்து ஒப்புக்கொள்கிறேன்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரே கையொப்பம் வாங்கும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அது நீலப்பை அவர்களைப் போல நான்காம் பக்கம் வரை வாசித்தவர்களின் கையொப்பத்தைத்தான் தருகிறது. பிள்ளையை அழைத்துச்செல்ல அனுமதி பெற்றவர்களின் பெயர்களுக்கு ஒரு தாள், ஒவ்வாமை, மருந்து பற்றிய விவரங்களுக்கு ஒரு தாள், புகைப்பட இசைவுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக இருந்தால், அந்தந்தத் தாள் அந்தந்த ஆசிரியரிடம் போய்ச்சேரும். புகைப்படத்திலும், வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கும் பள்ளியின் இணையப் பக்கத்தில் வெளியிடுவதற்கும் தனித்தனி இசைவு வேண்டும். முன்னதற்குச் சரி என்பவர்கள் பின்னதை மறுப்பது மிக இயல்பானது.

மருந்து கொடுத்தனுப்புவோர் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பக் கூடாது. மருத்துவரின் குறிப்போடும் காலாவதித் தேதி தெரியும் உறையோடும் பெரியவர் ஒருவர் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்க வேண்டும். ஆண்டின் நடுவில் காலாவதியாகும் மருந்துதான் எங்களைத் தூங்கவிடாத செய்தி.

பெற்றோர் பிரிந்து வாழும் வீடுகளில் பிள்ளையின் பொறுப்புப் பற்றி நீதிமன்ற உத்தரவு இருந்தால், அதை வகுப்பில் சுற்றுக்கு வரும் படிவத்தில் எழுதச் சொல்லாதீர்கள். மூடிய உறையில் தலைமையாசிரியரிடம் தரலாம் என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கட்டும். கட்டணச் சலுகையும் அப்படித்தான். "தகுதியுள்ளோர் விண்ணப்பிக்கலாம்" என்ற வரியைப் பார்த்து வந்தவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். யாரிடம் பேசலாம், அந்தப் பேச்சு வேறு எவருக்கும் தெரியாது, பிள்ளையின் வகுப்பாசிரியருக்கும் தெரியாது என்று எழுதிய ஆண்டில்தான் வரத் தொடங்கினார்கள்.

இருவர்தந்தை

அலுவலகத்தார் வந்திருப்பதால் ஒரு கேள்வி. வகுப்புச் சுற்றுலாவுக்குத் துணை வர முன்வந்த பெற்றோரிடம் பின்னணிச் சரிபார்ப்பும் பயிற்சியும் கேட்டார்கள். சொந்தப் பிள்ளையின் வகுப்போடு போவதற்கு இது எதற்கு என்று பலருக்கும் மனவருத்தம். எனக்கும் இருந்தது.

அலுவலகச்சாளரம்

உங்கள் பிள்ளைக்கு நீங்கள் தந்தை. பேருந்தில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு நீங்கள் பள்ளி அனுப்பிய பெரியவர். விதி அந்தப் பிள்ளைகளுக்காக. திருச்சபை நிறுவனங்களில் சிறார் துன்புறுத்தப்பட்டதும் அது மறைக்கப்பட்டதும் வெளிவந்த பிறகு, 2014-ல் திருத்தந்தை பிரான்சிஸ் சிறார் பாதுகாப்புக்கென ஓர் ஆணையத்தையே அமைத்தார்; அதற்கு முன்பும் பின்பும் மறைமாவட்டங்கள் தத்தம் விதிகளை வகுத்தன, நாட்டின் சட்டம் கேட்பவை தனியாக உண்டு. நல்லவர்களுக்கு ஒருமுறை ஏற்படும் சங்கடத்தைவிட, யாரையும் கேட்காமல் விடுவதன் விலை மிகப் பெரிது என்பதை நாம் பார்த்துவிட்டோம். ஆனால் சரிபார்ப்புக்குச் சில வாரங்கள் ஆகும் என்பதை அறிக்கையில் முன்கூட்டியே சொல்லாதது எங்கள் தவறு. சுற்றுலாவுக்கு முந்தின வாரம் படிவத்தை நீட்டினால் யாருக்கும் அவமானமாகத்தான் இருக்கும்.

திருவிளக்கு

எல்லாம் சரி, ஆனால் இந்த இழையை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். படிவம், உறை, சான்றிதழ், வாயில். பாதுகாவலரான புனிதரின் வரலாறுதான் முப்பது பேரைத் தவறான வாயிலில் நிறுத்தியது என்பதுபோல நீலப்பை எழுதுகிறார். பள்ளியின் பெயர்ப்பலகையில் ஒரு புனிதரின் பெயர் எதற்காக இருக்கிறது என்று இந்த அறிக்கையிலும் சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது? கத்தோலிக்கப் பள்ளி என்பது சமய வகுப்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்ட பொதுப்பள்ளி அன்று. வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விக்கான பேராயம் 1977-ல் வெளியிட்ட ஏட்டில், கிறிஸ்துவே பள்ளியின் முழு முயற்சிக்கும் அடித்தளம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அடித்தளத்தைப் பின்னிணைப்பில் வைப்பது வேடிக்கை.

பழையமணி

திருவிளக்கு அவர்களே, புனிதரை நீக்கச் சொல்லவில்லை; இரண்டு பக்கத்திலிருந்து மூன்று வரிக்கு இறக்கச் சொல்கிறோம். எங்கள் பள்ளியின் பாதுகாவலர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ ல சால். பிறப்பு 1651, இறப்பு 1719, புனிதர் பட்டம் 1900 என்று நானும் ஆண்டுதோறும் எழுதிவந்தேன். யார் நினைவிலும் ஒன்றும் நிற்கவில்லை. ஓர் ஆண்டு இப்படி எழுதினேன்: "நம் பாதுகாவலர், ஏழைப் பிள்ளைகளுக்கு லத்தீனில் தொடங்காமல் அவர்கள் வீட்டில் பேசும் மொழியில் வாசிக்கக் கற்றுத்தந்தார். 1680களின் பஞ்சத்தில் தம் செல்வத்தைப் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவருடைய பள்ளிகளில், வராத பிள்ளைகளின் வீட்டுக்குச் சென்று விசாரித்துவர மாணவர்களே நியமிக்கப்பட்டிருந்தனர். ஆகவே உங்கள் பிள்ளை வராத நாளில் காலையிலேயே எங்களுக்குத் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் நாங்களே உங்களை அழைத்துக் கேட்போம்." அந்த ஆண்டு வருகைத் தகவல் தந்தவர்கள் வழக்கத்தைவிட அதிகம். புனிதரின் வரலாறும் விடுப்பு விதியும் ஒரே பத்தியில் நின்றன. 1950-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்ததை எழுத இடம் இருக்கவில்லை. அவர் வருந்தியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

திருவிளக்கு

அந்தப் பத்தியை ஏற்கிறேன். இரண்டு பக்க வரலாற்றையும் யாராவது ஒருவர் வாசித்திருப்பார் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

நீலப்பை

அனைவருக்கும் நன்றி. பின்னிணைப்பு யோசனையைக் கைவிட்டேன். அறிக்கை இப்போது நான்கு பக்கம். முதற்பக்கத்தில் முதல் இரண்டு வாரங்களின் நாள்வரிசை. அதில் வகுப்பு தொடங்கும் நேரம், சிறு வகுப்புகள் வெளியேறும் வாயில், தொடக்கத் திருப்பலி, புதுநன்மைப் பதிவின் இறுதி நாள், துணை வரும் பெற்றோருக்கான சரிபார்ப்புப் படிவம் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக வருகின்றன. இரண்டாம் பக்கம் பாதுகாவலரின் மூன்று வரிகளோடு தொடங்கி விடுப்பு விதிக்குப் போகிறது. மூன்றாம் பக்கம் திருப்பலியும் அருளடையாளத் தயாரிப்பும். நான்காவதில் யாரிடம் எதற்குப் பேசுவது என்பது, பெற்றோர் கூட்டத்தின் தேதியோடு. அக்டோபர் மாத ஜெபமாலை, அக்டோபர் 2 காவல் தூதர்கள் திருநாள், நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாள் ஆகியவற்றை இதில் திணிக்காமல் மாத அறிக்கைகளுக்கு விட்டுவிட்டேன். படிவங்கள் தனித்தனித் தாள்களாகப் போகின்றன.

திருப்பலி பற்றிய பத்தி இப்படி முடிகிறது: "கத்தோலிக்கர் அல்லாத மாணவர்களும் இத்திருப்பலியில் பங்கேற்பர். நற்கருணை வாங்காத எல்லாப் பிள்ளைகளும், முதல் வகுப்பினர் அனைவரும் உட்பட, தம் இடத்தில் அமர்ந்திருப்பர். உங்கள் பிள்ளை கலந்துகொள்வது குறித்து ஏதேனும் பேச விரும்பினால் வகுப்பாசிரியரை முன்கூட்டியே சந்திக்கலாம்."

வேறுவழிபாடு

நன்றாக இருக்கிறது. "பங்கேற்பர்" என்பதை மட்டும் "உடனிருப்பர்" என்று மாற்ற முடியுமா? எங்கள் மகள் அங்கே செய்தது அதுதான்.

மறைக்கல்விமேசை

மாற்றலாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் பங்கேற்பர், மற்றவர்களுக்கு உடனிருப்பர் என்று வருவது இன்னும் துல்லியமானது.

அலுவலகச்சாளரம்

அச்சுக்குக் கொடுக்குமுன் இணைத்திருந்த முதற்பக்கத்தை மீண்டும் பாருங்கள். "சிறு வகுப்புகள் புதிய வாயில் வழியாக வெளியேறும்" என்று இருக்கிறது. முதல்முறை வரும் குடும்பங்களுக்கு இரண்டு வாயில்களுமே புதியவைதாம்.

நீலப்பை

"ஆலயத்தை ஒட்டிய பச்சை வாயில்" என்று மாற்றிவிட்டேன். நாளை காலை அச்சுக்குப் போகிறது.